ஒரே நேரத்தில் எத்தனை வேலை?

"சார், அஞ்சு பாடம் ஆரம்பிச்சேன், ஒண்ணும் முடியல." சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். நெருங்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மென்பொருள் குழுக்களும் இதே சிக்கலில் மாட்டுகின்றன.

2004-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்காக ஹைதராபாத்தில் இயங்கிய ஒரு சிறு பராமரிப்புக் குழு. நிரல் எழுத மூவர், சோதிக்க மூவர். ஒரு திருத்தக் கோரிக்கை முடிய ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. காரணம்? புதுக் கோரிக்கை வந்ததும் கையில் இருந்ததை விட்டுவிட்டு, அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட உட்கார்ந்தார்கள்.

டேவிட் ஆண்டர்சன் யோசனையின்படி இந்தக் கணக்கிடலை நிறுத்தினார்கள். கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள்; ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. 2005 இறுதிக்குள் ஐந்து மாதம் சுமார் இரண்டு வாரமாகக் குறைந்தது.

இதன் கணக்கை 1961-இல் ஜான் லிட்டில் நிறுவினார். கையில் உள்ள வேலையை, வாரத்தில் முடியும் வேலையால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும்.

12 ÷ 3 = 4 வாரம்
6 ÷ 3 = 2 வாரம்

வேகம் அதேதான்; காத்திருப்பு பாதி.

மாணவர்களே, ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது. நடுக் கட்டத்தில் இரண்டு பாடம் மட்டும். மூன்றாவது வேணுமா? ஒன்றை முடிச்சிட்டு வாங்க.

ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். ஒரே வாரத்தில் நாலு இடுபணி கொடுத்துவிட்டு, "ஏன் முடிக்கல?" என்று கேட்பதில் நியாயமில்லை.