தொட்டிலுக்கு முன்பே தொடங்கும் இரத்தக் கொதிப்பு

நாற்பது வயதுக்காரருக்கு இரத்தக் கொதிப்பு என்றதும் உப்பையும் ஊறுகாயையும் கவலையையும் குறை கூறுகிறோம். அவை குற்றமற்றவை அல்ல. ஆனால் அவருடைய உம்மா அவரைச் சுமந்தபோது வயிறார உண்டாரா என்று எவரும் வினவுவதில்லை.

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் ஒரு குழந்தை பிறந்தால் செவிலியர் எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார். இரண்டரை கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை. அந்த எண் அட்டையோடு முடிந்து போவதன்று. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகள் இலட்சக்கணக்கில் உள்ளன. நிறைமாதக் குழந்தைக்கு அவை யாவும் கருவிலேயே அமைந்துவிடும். பின்னர் ஒன்றுகூடப் புதிதாய் முளைப்பதில்லை. கருவில் ஊட்டம் குன்றினால் அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. இருப்பவை கூடுதல் சுமை தாங்கி, உப்பை வெளியேற்றத் திணறுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தம் ஏறுகிறது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் எழுதப்பட்ட பிறப்புப் பதிவேடுகளைத் தேடியெடுத்த டேவிட் பார்க்கர், எடை குறைந்த குழந்தைகளே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் இறந்தனர் என்று 1989இல் காட்டினார். அவ்வளவு தூரம் போவானேன்? மலையிறங்கினால் வேலூர். அந்நகரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்தோரைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் குழந்தைப் பருவம் முதல் அளந்து வந்தனர். 1998–2002இல் அவர்களுள் 2,218 பேரை மீண்டும் பரிசோதித்தனர். சிறுவயதில் மெலிந்திருந்து பின்னர் பருத்தவர்களிடமே சர்க்கரைக் கோளாறு மிகுந்திருந்தது. டில்லி உள்ளிட்ட ஐந்து நாட்டு ஆய்வுகளோ, முதல் இரண்டு ஆண்டுகளில் கூடும் எடையைவிட அதன்பின் ஏறும் எடையே பிற்கால இரத்த அழுத்தத்தை அதிகம் உயர்த்துவதாகக் கூறுகின்றன.

ஆகவே இளைத்த பிள்ளைக்குத் தாய்ப்பாலில் குறை வைக்காதீர்கள். ஆனால் பள்ளி செல்லும் வயதில் "தேறட்டும்" என்று பொரித்ததையும் இனிப்பையும் திணிக்காதீர்கள். பேரனுக்கு ஊட்டும் பாட்டிமார்கள் என்னைக் கோபிக்கலாம்!

மாமியார்மார்களே, எல்லோரும் உண்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சியதுதான் சூல் கொண்ட மருமகளின் பங்கா? முட்டையும் கீரையும் பருப்பும் முதலில் அவள் தட்டுக்கு வரட்டும். தனக்கோ கருவுக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சும் கர்ப்பிணி ரமலான் நோன்பை விட்டுப் பின்னர் நோற்க நம் மார்க்கம் அளித்த சலுகையை, "நாங்களெல்லாம் நோற்கவில்லையா?" என்று கேட்டுத் தட்டிப் பறிக்காதீர்கள்.

எடை குறைந்து பிறந்தவர் எல்லோருக்கும் இந்நோய் வந்தே தீரும் என்பதில்லை. எனினும் அவ்வாறு பிறந்து வளர்ந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், முப்பது வயது முதல் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 140/90ஐத் தொட்டால், தலைவலி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது.