விதைப்பாரின்றி விளையும் தோட்டம்

டில்லி நகரில் ஜூன் மாத இறுதியில் பருவமழை தொடங்குகிறது. மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியபோது வெந்து வெடித்துக் கிடந்த மண், மழை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் பசுமை போர்த்து நிற்கும். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் குடும்பத்தினர் பூட்டைத் திறந்து கொல்லைப்புறம் சென்று பார்த்தால், தாங்கள் நட்டுவைத்த ரோஜாவும் செம்பருத்தியும் வாடி நிற்க, தாங்கள் நடாத செடிகள் பத்திருபது வகை செழித்து வளர்ந்திருப்பதைக் காண்பர். இவையனைத்தையும் ‘களை’ என்னும் ஒரே சொல்லில் அடக்கி, மண்வெட்டியைக் கையிலெடுப்பது வழக்கம். தோட்டக்கலை நூல்களும் இதையே கூறுகின்றன. எனினும், அம்மண்வெட்டியை ஒரு நாள் தாமதப்படுத்திச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பவருக்கு இலாபமே உண்டு; ஏனெனில், அவற்றுள் சில உணவாகும், சில மருந்தாகும், ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைக்கும்.

இச்செடிகள் தாமே முளைத்தன என்று கூறுவது உலக வழக்கு. தாவர நூலாரின் நோக்கில் அது முற்றும் பொருந்தாது. கொல்லையில் நிற்கும் ஒவ்வொரு செடியும் ஒரு விதையிலிருந்தோ, கிழங்கிலிருந்தோ தோன்றியது. அவ்விதையை என்றோ ஒரு நாள் ஏதோ ஒன்று அங்கே கொணர்ந்து சேர்த்தது. கொணர்ந்தது காற்றா, காக்கையா, எறும்பா, வீட்டுக்காரரின் வேட்டியா என்பதைச் செடியின் கனியைக் கையிலெடுத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும். பெயர்களைச் சரிபார்க்க விரும்புவோருக்கு, ஜே. கே. மஹேஷ்வரி டில்லியின் தாவரங்களைப் பற்றி எழுதி 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் இன்றும் துணையாக உள்ளது.

மண்ணில் உறங்கும் விதைகள்

மழைக்குப் பின் முளைப்பவற்றுள் பெரும்பாலானவை அவ்வாண்டு வந்து விழுந்த விதைகளல்ல. அவை முன்னரே மண்ணில் புதைந்து உறங்கிக்கொண்டிருந்தவை. இவ்வுறக்கம் எத்துணைக் காலம் நீடிக்கும் என்பதை அறிய, அமெரிக்காவில் மிச்சிகன் விவசாயக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் பீல் 1879-ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினார். களைகளின் விதைகளை ஈரமணலுடன் கலந்து இருபது புட்டிகளில் நிரப்பி, நீர் தேங்காதவாறு வாய்ப்புறம் கீழ்நோக்கியிருக்கச் சாய்த்துப் புதைத்து வைத்தார். அவருக்குப் பின் வந்தோர் குறித்த காலந்தோறும் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டியெடுத்து விதைகளை முளைக்கவைத்துப் பார்த்து வருகின்றனர். 2021-ஆம் ஆண்டில், அதாவது 142 ஆண்டுகளுக்குப் பின்னர், எடுத்த புட்டியிலிருந்தும் வெர்பாஸ்கம் என்னும் செடியின் விதைகள் முளைத்தன.

அப்புட்டியை ஆராய்ச்சியாளர் விடியுமுன் இருளிலேயே தோண்டியெடுத்தனர். இதற்குக் காரணமுண்டு. களை விதைகள் பலவற்றுக்கு ஈரமும் காற்றும் மட்டும் போதா, ஒளியும் வேண்டும். விதையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிப்பொருள் சிவப்பு ஒளியை ஏற்றதும் உறக்கம் கலைகிறது. நெடுங்காலம் இருளில் புதைந்திருந்த விதைக்குக் கண் இமைக்கும் நேரத்து ஒளியே போதுமானதாகலாம். களையை ஒழிக்கவென்று கொல்லையைக் கொத்திவிட்ட பதினைந்தாம் நாள் முன்னிலும் அடர்த்தியாகக் களை எழுவதன் இரகசியம் இதுவே. கொத்துகிறவர் கீழே கிடந்த விதைகளுக்கெல்லாம் வெளிச்சம் காட்டிவிடுகிறார்!

மண்ணில் கிடக்கும் விதைகளின் தொகையைச் சார்லஸ் டார்வின் ஓர் எளிய முறையால் அறிந்தார். சிறிய குளமொன்றின் ஓரத்திலிருந்து மூன்று மேசைக்கரண்டி அளவு சேற்றை எடுத்துத் தம் படிப்பறையில் ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார். 537 செடிகள் முளைத்திருந்தன. உலர்ந்த நிலையில் அச்சேற்றின் எடை ஏழு அவுன்ஸ்கூட இல்லை.

டில்லிக் கொல்லையில் இவ்விதைக் களஞ்சியம் ஆண்டுக்கு இரு முறை திறக்கப்படுகிறது. ஜூலையில் சாரணை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி ஆகியவை எழுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து அங்குச் சென்று குடியேறியவர்களுக்கு ஆயிரம் மைலுக்கப்பாலும் அறிமுகமான முகங்கள் இவை. அக்டோபரில் இவற்றுள் பெரும்பாலானவை காய்த்து ஓய்ந்துவிடும். நவம்பரில் அதே மண்ணிலிருந்து வேறொரு கூட்டம் தலைதூக்கும்: வட இந்தியர் விரும்பியுண்ணும் பதுவாக் கீரை, மஞ்சள் பூங்கொத்துடன் கூடிய செஞ்ஜி, முள் நிறைந்த பிரமதண்டு. முன்னவற்றின் விதைகளை எழுப்ப வெப்பத்துடன் கூடிய ஈரம் தேவை. பின்னவற்றுக்குக் குளிர்ந்த ஈரம் தேவை. உழவர் காரீஃப் என்றும் ராபி என்றும் வகுத்துள்ள இரு போகங்களை, எவரும் உழாத கொல்லையும் அனுசரித்து வருகிறது.

பதுவா இன்னொரு முன்னெச்சரிக்கையும் கொண்டுள்ளது. ஒரே செடியில் மெல்லிய தோலுடைய பழுப்பு விதைகளும், கடினத் தோலுடைய கறுப்பு விதைகளும் உண்டாகின்றன. முன்னவை விரைவில் முளைக்கும்; பின்னவை காத்திருக்கும். ஓராண்டின் முளைகளையெல்லாம் உறைபனியோ, மண்வெட்டியோ அழித்துவிட்டாலும் அடுத்த ஆண்டிற்கு விதை மிஞ்சும்.

கொணர்ந்து சேர்ப்போர்

வெளியிலிருந்து வருவனவற்றின் பாதைகள் பல. மதிலோரத்தில் நீண்ட காம்பின் நுனியில் சிறு பூத்தலையை ஏந்தி நிற்கும் வெட்டுக்காயப் பூண்டின் ஒவ்வொரு கனியும் மயிர்க்கற்றையொன்றைக் குடைபோல் விரித்துக் காற்றிலேறி வருகிறது. வெப்ப அமெரிக்காவில் தோன்றிய இச்செடி, இன்று இந்தியாவில் இல்லாத ஊர் இல்லை எனலாம். நாயுருவியின் கூர்மையான காய்கள் ஆடையில் தைத்துக்கொண்டு வருகின்றன. மூக்கிரட்டையின் கனியில் முள் இல்லை. ஆனால் ஒட்டுப்பசை சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. விரலால் தொட்டால் விரலோடு வந்துவிடும். புளியாரையின் காயைத் தொட்டால், விதையைச் சூழ்ந்த உறை திடீரெனச் சுருண்டு விதையைத் தெறித்தெறியும். ஆமணக்கு விதையின் முனையிலுள்ள வெண்ணிறச் சதைப்பகுதி எறும்புகளுக்காக ஏற்பட்டது போலும். அவை விதையை இழுத்துச் சென்று, சதையைத் தின்று, கடினமான விதையைப் புற்றினருகே போட்டுவிடுகின்றன.

மனிதன் இதில் தனக்குப் பங்கில்லை என்று கருத இயலாது. இலண்டன் கியூ தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த எட்வர்ட் ஸாலிஸ்பரி தம் கால்சட்டையின் மடிப்புகளில் சேர்ந்த தூசியை எடுத்து மண்ணிலிட்டு நீரூற்றினார். 300-க்கு மேற்பட்ட செடிகள் முளைத்தன!

பறவைகளின் பணி தனிக் கவனத்துக்குரியது. ஜூலையில் மின்கம்பிகளின் நேர்கீழேயும், மதிலின் அடியிலும் வேப்பங்கன்றுகள் வரிசையாக முளைத்திருப்பதைக் காணலாம். வேப்பம்பழம் கோடை முடிவில் பழுக்கிறது. காக்கையும் குயிலும் உண்டு விதையை உமிழ்கின்றன, அல்லது எச்சத்துடன் விடுகின்றன. வேப்பவிதை பதுவா விதையைப்போல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வல்லதன்று. விழுந்த சில வாரங்களில் முளைக்காவிடில் பெரும்பாலும் உயிரிழந்துவிடும். மழை வருவதும் பழம் விழுவதும் ஏறக்குறைய ஒரே காலமாக அமைந்திருப்பதால்தான் அக்கன்றுகள் தோன்றுகின்றன. அரசமரத்தின் செய்தி வேறு. மைனாவும் கொண்டைக்குருவியும் அரசம்பழத்தைத் தின்று எச்சமிடும்போது, கடுகினும் சிறிய விதைகள் சுவரின் வெடிப்பில் விழுந்து வேரூன்றுகின்றன. இரண்டு இலை விட்ட கன்றை விரலால் பிடுங்கிவிடலாம். மூன்றாண்டு கழித்துப் பிடுங்க முனைந்தால் செங்கல்லும் உடன் வரும்.

முளைத்தவையெல்லாம் பிழைப்பதில்லை. டார்வின் மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் தாமே முளைத்த களைகளுக்கெல்லாம் அடையாளமிட்டு வந்தார். 357 முளைத்தன, அவற்றுள் 295 அழிந்தன. பெரும்பாலானவற்றைத் தின்றவை நத்தையினமும் பூச்சிகளுமே. கொல்லையில் நின்று பூக்கும் செடி ஒவ்வொன்றும் இத்தகைய போரில் மிஞ்சியது. எளிதில் அழியாதிருப்பது அதன் இயல்பாயிருப்பதில் வியப்பில்லை. பருப்புக்கீரையைப் பிடுங்கி வெயிலில் எறிந்தாலும், தண்டில் தேங்கிய ஈரத்தைக் கொண்டே அது விதையை முற்றச் செய்துவிடும். கோரையின் இலைகளைப் பறித்தால், அடியில் சங்கிலிபோல் தொடரும் கிழங்குகளில் உறங்கியவை விழித்துப் புதிய தளிர் விடும். கோரையை ஒழித்துவிட்டதாகக் கூறும் தோட்டக்காரரை நம்புவதற்கு முன் அடுத்த மழை வரை பொறுத்திருப்பது நலம்.

இனங்காணுதல்

எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்பது இனங்காண்பதைப் பொறுத்தது. மூக்கிரட்டையும் சாரணையும் இதற்கு நல்ல உதாரணம். இரண்டும் தரையில் படர்வன; இரண்டிலும் இலைகள் எதிரெதிராக, ஒன்று பெரிதும் மற்றொன்று சிறிதுமாக அமைந்துள்ளன. மூக்கிரட்டையே வைத்திய நூல்களின் புனர்நவா. கோடையில் மேற்பகுதி காய்ந்து, மழை வந்ததும் பருத்த வேரிலிருந்து மீண்டும் தழைப்பதால் ‘மறுபடியும் புதியது’ என்னும் அப்பெயர் பெற்றது. மருந்துச் சரக்குக் கடைகளில் அதற்குப் பதிலாகச் சாரணை கலந்துவிடுவது நெடுநாளைய குறை. செடி உயிரோடு நிற்கும்போது வேறுபாடு எளிது: மூக்கிரட்டையின் சிறிய ஊதாச் சிவப்புப் பூக்கள் மெல்லிய நீண்ட காம்புகளில் கொத்தாக நிற்கும், சாரணையின் பூ காம்பின்றி இலைக்கக்கத்திலேயே தனியாகப் பதிந்திருக்கும், காயும் மூடி போன்று திறந்துகொள்ளும். உலர்ந்து துண்டான பின்னர் இவ்வேறுபாடுகள் எல்லாம் மறைந்துவிடும்.

மற்றொன்று கேரட் இலையைப் போன்ற இலைகளும் சிறு வெண்ணிறப் பூத்தலைகளும் கொண்ட பார்த்தீனியம். ஹிந்தி பேசுவோர் இதனைக் ‘காஜர் காஸ்’, அதாவது கேரட் புல், என்பர். ஆர். எஸ். ராவ் பூனாவில் கண்டு 1956-ஆம் ஆண்டில் இதைப்பற்றி எழுதினார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இச்செடி, அதன்பின் சில பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவியது. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கிறது. இதிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருள் ஒவ்வாதவர்களுக்குக் கடுமையான தோல் அழற்சியை உண்டாக்கும். மகரந்தம் தும்மலையும் மூச்சுத் தொல்லையையும் விளைவிக்கும். இதன் இலையைத் தின்னும் மெக்ஸிகோ நாட்டு வண்டு 1984-ஆம் ஆண்டில் பெங்களூரில் விடப்பட்டது. பல இடங்களில் அது நிலைபெற்றுச் செடியைக் கட்டுப்படுத்தவும் செய்தது. எனினும் வீட்டுக் கொல்லையில் வண்டுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பூக்கும் முன், மண் ஈரமாயிருக்கையில், கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதே வழி.

இவை எல்லாவற்றினும் கவனிக்கவேண்டியது, குளிர்காலத்தில் பதுவாவின் அருகிலேயே வளரும் பிரமதண்டு. வெண்கோடு பாய்ந்த முள்ளிலைகளும், பளிச்சென்ற மஞ்சள் மலரும், ஒடித்தால் வடியும் மஞ்சள் பாலும் உடைய இச்செடிக்கு ஹிந்தியில் ‘சத்யானாசி’ என்று பெயர். நாசம் செய்வது என்பது கருத்து. மலரின் அழகு கருதிச் சிலர் இதை விட்டுவைப்பதுண்டு. இதன் விதை கடுகைப் போன்றது. அறுவடையில் தவறிக் கலந்தாலும், இலாபம் கருதி வேண்டுமென்றே கலந்தாலும், கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் சேர்ந்துவிடுகிறது. அதிலுள்ள ஸாங்குவினரின் என்னும் நச்சு நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தளரச் செய்து நீரைக் கசியவிடுகிறது. கால்கள் வீங்கும், மூச்சுத் திணறும், முற்றினால் இதயம் செயலிழக்கும். கல்கத்தாவில் 1877-ஆம் ஆண்டில் இந்நோய் கொள்ளை நோய்போல் தோன்றியதாகக் குறிக்கப்பட்டுள்ளது. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டில் டில்லியிலேயே அது மீண்டும் தோன்றி, 60-க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுசென்றது. அவர்கள் உண்டது தம் சமையலறையில் நாள்தோறும் தாளித்த எண்ணெயையே.

கைலென்ஸின் கீழ் இரு விதைகளையும் வைத்துப் பார்த்தால் ஐயம் நீங்கும். கடுகின் மேற்பரப்பு வழவழப்பானது. நசுக்கினால் உட்புறம் மஞ்சளாயிருக்கும். பிரமதண்டு விதையின் மேற்பரப்பு வலைபோல் குழிந்து சொரசொரப்பாயிருக்கும், உட்புறம் வெண்ணிறம். ஏப்ரலில் கொல்லை மண் மீண்டும் காயத் தொடங்கும்போது, இதன் முட்காய் நுனியில் வெடித்துத் திறக்கிறது. பிப்ரவரியில் செடியைப் பிடுங்காத வீட்டில், காற்றசையுந்தோறும் கறுத்த விதைகள் தரையில் உதிர்ந்து, பல்லாண்டு முந்தைய விதைகளோடு சேர்ந்து புழுதியில் மறைகின்றன.