கணையத்தையே மாற்றிவிட்டால் என்ன?

"கணையத்தையே மாத்திட்டா என்ன சார்?" என்றார் நண்பர். டீக்கடை பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவே இரண்டு கிளாஸ்கள். அவர் மகளுக்குப் பத்து வயது. டைப் 1 சர்க்கரை என்று தெரிந்து ஆறு மாதம் ஆகிறது. தினம் நான்கு ஊசி. கிட்னியை மாற்றுகிறார்கள், கல்லீரலை மாற்றுகிறார்கள். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் சதர்லாண்ட் என்ற அறுவை மருத்துவர் 1980களில் இதைச் செய்தே பார்த்தார். ஒரே கருவில் உருவான இரட்டையர் ஜோடிகள் சில. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குப் பல வருடமாக டைப் 1, மற்றவருக்கு இல்லை. நோயில்லாதவரின் கணையத்தில் ஒரு பகுதியை எடுத்து மற்றவருக்கு வைத்தார். அச்சு அசல் ஒரே உடல் என்பதால் வந்த உறுப்பை அந்நியமென்று தள்ளாது. ஆகவே, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகூட முதலில் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தரவில்லை. கணையம் நன்றாக வேலை செய்தது, ஊசி நின்றது. சில வாரங்களில் சர்க்கரை திரும்ப ஏறிவிட்டது.

துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கணையத்தின் திட்டுகளுக்குள் வெள்ளை அணுக்கள் நுழைந்து, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை மட்டும் தீர்த்திருந்தன. அதே திட்டில் தோளோடு தோள் ஒட்டியிருக்கும் ஆல்ஃபா செல்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த நோயாளிகளின் சொந்த பீட்டா செல்கள் அழிந்து எத்தனையோ வருடம். அத்தனை வருடம் கழித்தும் உடல் அந்த முகத்தை மறக்கவில்லை.

"அதெப்படி ஞாபகம் இருக்கும்?"

கைக்குழந்தைக்குப் போட்ட தட்டம்மைத் தடுப்பூசி அவன் தகப்பனான பிறகும் காக்கிறது இல்லையா, அதே ஏற்பாடுதான். கிருமி வந்தால் அதை அடையாளம் காணும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகும், சண்டை போடும், முடிந்ததும் பெரும்பாலும் செத்துப்போகும். மிஞ்சித் தங்குபவை நினைவுச் செல்கள். அதே கிருமி மறுபடி தலைகாட்டினால் படை திரட்ட அவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம்.

சொந்த உடம்பையே தாக்கக்கூடிய டி செல்களை நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பி வடிகட்டிவிடும். ஆனாலும் சில தப்பிவிடும். உங்களுக்கும் எனக்கும்கூடத் தப்பியிருக்கும். டைப் 1 வருகிறவர்களிடம் அவை பெருகி, நினைவாகவும் நிலைத்துவிடுகின்றன. தடுப்பூசியில் நாம் கொண்டாடும் அதே குணம்.

இந்தச் செல்கள் எங்கே பதுங்குகின்றன? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தார் 2022இல் சுண்டெலிகளை வைத்து ஒரு விடை சொன்னார்கள். கணையத்துக்குள் புகுந்து கொல்லும் செல்கள் அற்பாயுசு. அவற்றை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பது பக்கத்து நிணநீர் முடிச்சில் இருக்கும் தாய்ச் செல்கள். நினைவுச் செல்களைப் போலவே தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்பவை. வேறு எலிக்கு இவற்றில் வெறும் 20ஐச் செலுத்தினாலே சர்க்கரை நோய் வந்துவிட்டது. கொல்லும் செல்களில் 1,00,000 செலுத்தியும் வரவில்லை.

நண்பர் விவசாயக் குடும்பம். "கோரைப்புல் மாதிரி" என்றார். ஆமாம், மேலே எத்தனை தடவை களை வெட்டினாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை முளைக்கும். எனக்கு இதைவிட நல்ல உவமை தோன்றவில்லை.

கிழங்கைத் தோண்டும் மருந்து இன்னும் வரவில்லை. எல்லா நினைவுச் செல்களையும் ஒழித்தால் தடுப்பூசி தந்த காவலும் சேர்ந்து போய்விடும். டி செல்களைச் சோர்வடையச் செய்யும் டெப்லிசுமாப் என்ற மருந்து இருக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் தென்பட்டு, சர்க்கரை லேசாகத் தடுமாறத் தொடங்கிய, ஆனால் நோய் இன்னும் முழுதாக வெளிப்படாத 76 பேரிடம் 14 நாள் மருந்தாக இதைச் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கு நோய் சராசரியாக 2 வருடம் தள்ளிப்போனதாக 2019இல் முடிவு வந்தது. 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டே வருடமா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். தினம் நான்கு ஊசி என்றால் இரண்டு வருடத்துக்கு எத்தனை என்று நண்பரின் மகளிடம் கேளுங்கள்.

டீ ஆறிவிட்டது. அப்போதுதான் நண்பர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். "போன மாசத்திலிருந்து டோஸ் பாதியா குறைஞ்சிருக்கு சார். குணமாயிட்டு வருது, ஊசிய விட்டுட்டு நாட்டு மருந்து குடுங்கன்னு ஊர்ல சொல்றாங்க."

இதை டாக்டர்கள் ஹனிமூன் என்பார்கள். ஊசியால் சர்க்கரை அடங்கியதும் மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் தெம்பாகி இன்சுலின் சுரக்கும். சில மாதம் நீடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும். ஆனால் கிழங்கு உள்ளேதான் இருக்கிறது. ஊசியை விட்டால் ரத்தம் அமிலமாகி ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும்.

டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஒரு நாள்கூட ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.