பக்கத்துத் தோப்பில் பறவை வேட்டை: அண்டை வீட்டாரோடு பகையின்றித் தீர்ப்பது எப்படி?



காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே இருக்கிறது ஸ்ரீரங்கம் தீவு. முக்கொம்பில் தொடங்கி கல்லணை வரை வாழையும் நெல்லும் தென்னையும்தான். தண்ணீர் இருக்கும் இடத்தில் பறவையும் இருக்கும். வயலில் கொக்கும் மடையானும், வரப்போரப் புதரில் கவுதாரியும் காடையும், வாய்க்காலில் நீர்க்கோழியும் நாம் தினமும் பார்ப்பவை. திருவெறும்பூர் பக்கம் கூத்தைப்பார், கிளியூர் ஏரிகளுக்குப் பருவ காலத்தில் வெளியூர்ப் பறவைகளும் வந்து இறங்குகின்றன.

பறவை வரும் இடத்திற்கு ஏர்கன்னும் உண்டிவில்லும் வலையும் வந்துவிடுவதுதான் சிக்கல். ஒரு சூழ்நிலையை எண்ணிப் பார்ப்போம். பள்ளி விடுமுறை. ஒரு தோப்பில் நாலு பையன்கள் கொக்கு சுடுகிறார்கள். குறி தவறிய ஈயக் குண்டு பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் படுகிறது. அந்த வீட்டு அம்மா கத்துகிறார். இவர்கள் வீட்டுப் பெரியவர், "எங்க நிலத்துலதான சுட்டோம்" என்று பதில் சொல்கிறார். அடுத்த வாரம் அதே குண்டு அங்கே விளையாடும் குழந்தைக்கு அருகில் விழுகிறது. அதற்கடுத்து வாய்க்கால் தண்ணீர், வேலி, பாதை என்று பழைய கணக்கெல்லாம் எழும்புகிறது. இரண்டு வீடும் வேறு வேறு சமயம் என்றால், கொக்கில் தொடங்கியது ஊர்ப் பிரச்சினையாகி விடுகிறது. இப்படி ஒரு நிலை வராமல் தடுப்பது எப்படி, வந்துவிட்டால் தீர்ப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

வேட்டை ஹலால்தானே?

நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். உணவுக்காக வேட்டையாடுவதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. இஹ்ராமில் இருப்பவருக்கு மட்டும் அது தடுக்கப்பட்டுள்ளது (அல்குர்ஆன் 5:1, 5:2, 5:96). அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அனுமதியைச் சுற்றிப் போடப்பட்ட வேலிகளை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

முதலாவது, விளையாட்டுக்காக உயிரைக் கொல்லக் கூடாது. ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிய இளைஞர்களைக் கடந்து சென்ற இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குபவர்களை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சிட்டுக்குருவியையேனும் நியாயமின்றிக் கொன்றவர் அதற்காக அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற கருத்தில் நஸயீயில் ஒரு ஹதீஸ் உண்டு.

இரண்டாவது, கருவி. சிறு கல்லை விரலால் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைப் பிராணியையும் வீழ்த்தாது, எதிரியையும் காயப்படுத்தாது, கண்ணைப் பறிக்கும், பல்லை உடைக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம் (புகாரி, முஸ்லிம்). தோப்பில் சிறுவர்கள் கையில் இருக்கும் ஏர்கன்னுக்கும் உண்டிவில்லுக்கும் இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, உண்ணத் தகுமா என்பது. கூர்மையால் துளைத்துச் செத்ததை உண்ணலாம், மொத்தையாக அடிபட்டுச் செத்ததை உண்ணக் கூடாது என்பதே அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன விளக்கத்தின் சாரம். அடிபட்டுச் செத்ததைக் குர்ஆனும் தடுக்கிறது (5:3). இதனால்தான் உண்டிவில் கல்லிலோ ஏர்கன் குண்டிலோ செத்து விழுந்த பறவையை உண்ணக் கூடாது என்று உலமாக்களில் பலர் சொல்கிறார்கள். உயிரோடு கிடைத்து, பிஸ்மி சொல்லி அறுத்தால் மட்டுமே ஆகும் என்பது அவர்கள் நிலை. ஆக, "சாப்பிடத்தான் சுட்டோம்" என்ற வாதமும் பல நேரங்களில் நிற்பதில்லை.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

"எங்க அத்தா காலத்துல லைசென்ஸ் வாங்கி சுட்டாங்க" என்று சிலர் சொல்வார்கள். அது பொய்யல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் சிறு வேட்டைக்கும் உரிமம் தரும் ஏற்பாடு இருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள எந்த உயிரையும் வேட்டையாடக் கூடாது. நம் வயலில் காணும் கவுதாரி, காட்டுக் காடை, கொக்கு, நீர்க்கோழி போன்றவை இந்தப் பாதுகாப்பில் வருகின்றன. மயில் தேசியப் பறவை. அது முதல் அட்டவணையில் இருக்கிறது. பண்ணையில் வளர்த்து விற்கும் ஜப்பானியக் காடை இதில் சேராது.

வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, கூட்டையும் முட்டையையும் சிதைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போன்ற முதல் அட்டவணை உயிர்களுக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

இங்கே மூன்று தவறான எண்ணங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

"என் நிலம், என் இஷ்டம்" என்பது முதல் தவறு. நிலம் நம்முடையதாக இருக்கலாம், அதில் வந்து உட்காரும் காட்டுப் பறவை நம்முடையதல்ல. நிலக்காரர் சம்மதித்தாலும் வேட்டை குற்றம்தான்.

"ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனால் சுடலாம்" என்பது இரண்டாவது. .177 அளவில் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றல் கொண்ட ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது சரி. அந்தச் சலுகை துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமே, அதைக் கொண்டு பறவையைக் கொல்வதற்கு அல்ல. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

"பயிரைத் தின்கிறது, அதனால் கொல்லலாம்" என்பது மூன்றாவது. மயிலால் நிலக்கடலையும் நெல்லும் சேதமாவது உண்மையான வேதனை. ஆனால் விஷம் கலந்த தானியத்தை வரப்பில் வைத்தால் மயிலோடு பக்கத்து வீட்டுக் கோழியும் நாயும் சாகும். ஆபத்து குழந்தைகளுக்கும்தான். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுவாகக் கொடுப்பதே வழி.

வேடந்தாங்கல் விவசாயிகள் செய்தது

இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கல் ஏரியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் தங்கள் வயலுக்கு உரம் என்பதை ஊர்க்காரர்கள் அறிந்திருந்தார்கள். சுட்டவர்களோடு கைகலக்காமல் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற உத்தரவை, கவுல் எனும் எழுத்து வடிவில், வாங்கி வந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனிடம் நிராயுதபாணியான ஒரு கிராமம் முறையீட்டால் சாதித்தது இது. அந்த ஏரி இன்று உலகம் அறிந்த சரணாலயம்.

நம் சமூகத்திலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896-1987) சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் திட்டோடு இருந்த அதை இன்னதென்று அறியாமல் மாமாவிடம் கொண்டுபோனார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். அங்கே பிறந்த ஆர்வம் அவரை வாழ்நாள் முழுதும் பறவைகளைப் படிப்பவராக ஆக்கியது. பெரியவர் ஒருவர் சரியான திசையைக் காட்டினால் பிள்ளையின் கையில் இருக்கும் துப்பாக்கி தூரநோக்கியாக மாறும்.

படிப்படியாக என்ன செய்யலாம்?

*தவறு நம் வீட்டுப் பிள்ளையுடையது என்றால்:* வாதாடாமல் அன்றே துப்பாக்கியை வாங்கி உள்ளே வைக்க வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஓடு உடைந்திருந்தால், ஆடு கோழிக்கு அடிபட்டிருந்தால் அதற்கான பணத்தை அவர்கள் கேட்கும் முன்பே கொடுப்பது நல்லது. எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் முழுமையான முஃமின் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை ஆணையிட்டு எச்சரித்ததை (புகாரி) நாம் மறக்கலாகாது. அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் இந்த உரிமை அவருக்கு உண்டு.

*பாதிக்கப்பட்டது நாம் என்றால்:* கையில் துப்பாக்கி இருக்கும்போது எதிரே போய் நிற்க வேண்டாம். மாலையில், கோபம் ஆறிய பிறகு, வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் போகட்டும். "அண்ணே, நேத்து தோப்புல சுட்ட குண்டு எங்க வாசல்ல விழுந்துச்சு. பேரப்புள்ளைங்க அங்கதான் விளையாடுதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா பசங்க கேட்பாங்க" என்று ஆரம்பித்தால் பல சண்டைகள் அங்கேயே முடிந்துவிடும். சட்டப் பிரிவைச் சொல்லித் தொடங்கினால் முடியாது.

*அதற்கும் கேட்கவில்லை என்றால்:* இரு தரப்பும் மதிக்கும் இருவரை நடுவில் வைக்கலாம். ஜமாஅத் நிர்வாகி ஒருவர், ஊர்ப் பெரியவர் அல்லது வார்டு உறுப்பினர் ஒருவர் என்றால் போதும். சமாதானமே சிறந்தது என்கிறது குர்ஆன் (4:128). வேலி, எல்லை, பாதைத் தகராறு இதோடு கலந்திருந்தால் அதைத் தனியே பிரித்து, பட்டாவைப் பார்த்து, சர்வேயரை வைத்து அளந்துவிடலாம். அளந்து முடிந்தால் பாதிக் கோபம் குறைந்துவிடும். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடும் முன்பே சமரசத்திற்கு மனு கொடுக்க வழி உண்டு.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். உடைந்த ஓடு, மிதிபட்ட வரப்பு, மனக்கசப்பு ஆகியவற்றை ஜமாஅத் பேசித் தீர்க்கலாம். வேட்டை என்ற குற்றத்தை ஜமாஅத்தோ பஞ்சாயத்தோ "தீர்த்துவைக்க" முடியாது. பணம் வாங்கிக்கொண்டு மறைத்தால் நாமும் அதில் மாட்டிக்கொள்வோம்.

*தொடர்ந்து நடந்தால், அல்லது மனித உயிருக்கு ஆபத்து என்றால்:* வனச்சரக அலுவலகத்திற்கோ மாவட்ட வன அலுவலகத்திற்கோ எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆள்மீது குண்டு படும் அபாயம் இருந்தாலோ, அத்துமீறி நம் நிலத்தில் நுழைந்தாலோ 112-ஐ அழைத்துக் காவல்துறையிடம் சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது 125-ஆம் பிரிவிலும் அத்துமீறல் 329-ஆம் பிரிவிலும் வருகிறது. தேதி, நேரம், நம் நிலத்திலிருந்து எடுத்த படம், விழுந்த குண்டு இவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். செத்த பறவையை மட்டும் எடுத்து வைக்க வேண்டாம். காட்டுயிரின் உடலை வைத்திருப்பதே நம்மைச் சிக்கலில் விடலாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடாதீர்கள். "அவங்க ஆளுங்க", "இவங்க ஆளுங்க" என்று ஒரு தோப்புச் சண்டைக்குச் சமயப் பெயர் சூட்டுவது அந்த ஒரு வீடியோதான். அதேபோல், வலையோடு யாரையாவது பார்த்தவுடன் நரிக்குறவர் என்று முடிவு கட்டுவதும் அநியாயம். தேவராயநேரியில் வாழும் அந்த மக்களில் பலர் பாசிமணி வியாபாரத்தில் பிழைப்பவர்கள். ஒருவர் செய்ததற்கு ஒரு சமூகத்தையே குற்றம் சாட்டினால் அதன் வலி என்ன என்று நமக்குத் தெரியாதா?

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் நமக்குக் கற்றுத் தருகிறது (6:38). வரப்பில் நிற்கும் கொக்குக்கும், வரப்புக்கு அப்பால் வாழும் குடும்பத்திற்கும் நம் கையால் தீங்கு வராமல் இருக்கட்டும். இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏர்கன் வாங்கித் தரும் பணத்தில் ஒரு தூரநோக்கி வாங்கி, கிளியூர் ஏரிக்கு ஒரு காலை கூட்டிச் செல்வோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம்.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணி வாழும் நல்லோர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.