வாசல் வரைக்கும் புதுக் குழாய்

தோட்டத்தில் முதலில் விழிப்பது சேவல் என்று ஊரார் சொல்வார்கள். நாம் பிறந்து வளர்ந்த லயத்தில் சேவலுக்கு முன்பே பீலி விழித்துவிடும். நான்கரை மணிக்கு ஒரு வீட்டில் கெத்தல் நிரம்புகிற சத்தம், அடுத்து பக்கத்து வீட்டில், பிறகு லயம் முழுக்க. பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணி ஆற்ற வேண்டும், கைப்பிள்ளைக்குப் பால்மாவு கரைக்க வேண்டும், வெளிக்காட்டுக்கு எடுத்துப்போகப் போத்தலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்த நான்கரை மணித் தண்ணீரைப் பற்றித்தான் இவ்வாரம் பேசப்போகிறோம்.

சென்ற மாதம் நெகிரி செம்பிலானில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். ரப்பர் காலத்தில் கட்டிய பழைய லயங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. நிர்வாகம் ரோட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசல் வரைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் புதிதாகப் போட்டிருந்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுவரைத் தாண்டியதும் அதே பழைய குழாய், அதே துருப்பிடித்த மூட்டு, அதே பித்தளைத் திருகு.

"அண்ணே, குழாய மாத்திட்டோம்னு போட்டோ எல்லாம் புடிச்சிட்டுப் போனாங்க. காலையில தெறந்தா அதே செவப்புத் தண்ணிதான் வருது" என்றார் ஓர் அக்கா. மடியில் எட்டு மாதக் குழந்தை. ஆபீசில் கேட்டதற்குக் கிராணி சொன்ன பதில்: "சுவருக்கு வெளியே தோட்டத்துப் பொறுப்பு, உள்ளே குடியிருக்கிறவங்க பொறுப்பு."

சிவப்புத் தண்ணீர் இரும்புத் துரு. பார்த்தால் தெரியும், துணியில் கறை படியும், கொட்டிவிடலாம். நம்மைப் பயமுறுத்துவது கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று: ஈயம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். ஈப்போ, தைப்பிங் பக்கம் லம்பத்தில் தோண்டி எடுத்ததும் அதுதான். இப்போது நாம் சொல்வது காரீயம். மலாய்க்காரர்கள் 'தீமா ஈத்தாம்', கறுப்பு ஈயம், என்று தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது விஷம். அது தண்ணீரில் கரைந்தால் நிறமும் மாறாது, வாடையும் வராது, நாக்குக்கும் தெரியாது.

வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டில் பழைய வீடுகளுக்கு ஈயக் குழாயே போட்டார்கள். வளைக்க எளிது, துருப்பிடிக்காது, பல பத்து ஆண்டு உழைக்கும். அமெரிக்காவில் 1986-இல்தான் குடிதண்ணீருக்குப் புதிதாக ஈயக் குழாய் போடுவதைச் சட்டம் தடுத்தது. நம் லயங்களில் நாம் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் நாகம் பூசிய இரும்புக் குழாய்தான். அதனால் நமக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் காலத்து நாகப் பூச்சிலேயே கொஞ்சம் காரீயம் கலந்திருக்கும். செம்புக் குழாய் மூட்டுகளைப் பற்றவைத்த ஈயத்தில் இருக்கும். பித்தளைத் திருகிலும் இருக்கும். முன்னே எங்காவது ஒரு துண்டு ஈயக் குழாய் இருந்துவிட்டாலோ, அதிலிருந்து வரும் ஈயத்தை இரும்புக் குழாயின் துரு பிடித்து வைத்துக்கொண்டு, பல ஆண்டு கழித்துத் துரு உதிரும்போது சேர்த்துவிடும்.

பழைய வீட்டில்தான் இந்தத் தொல்லை என்பதும் இல்லை. 2015-இல் ஹாங்காங்கில் காய் சிங் என்ற அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் குடிதண்ணீரில் ஈயம் இருப்பது தெரியவந்தது. குடியேறி இரண்டே வருஷம் ஆன வீடுகள். குழாய் புதுசு, ஆனால் மூட்டைப் பற்றவைத்தது ஈயம் கலந்த பற்றாசு. தேடத் தேட இப்படிப் பதினொரு குடியிருப்புகள் அகப்பட்டன. காசை மிச்சம் பிடிக்கிற குத்தகைக்காரன் உலகம் எங்கும் ஒரே மாதிரிதான்.

நான்கரை மணிக்கு வருவோம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குழாய்க்குள்ளே அசையாமல் நிற்கிறது. நிற்க நிற்க ஈயம் ஊறி இறங்குகிறது. மலையடி ஓடையிலிருந்து வருகிற மாதிரியான, உப்புக் குறைந்த, கொஞ்சம் புளித்தன்மையுள்ள தண்ணீர் என்றால் இன்னும் கூடுதலாகக் கரைக்கும். ஆகவே விடிந்ததும் முதலில் வருகிற தண்ணீரில்தான் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்பு. அந்தத் தண்ணீரைத்தான் நம் பெண்கள் பால்மாவுக்குப் பிடிக்கிறார்கள்! கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். கிருமி சாகும், ஈயம் சாகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, மிச்சத்தில் ஈயம் கெட்டிப்படும்.

எவ்வளவு இருந்தால் கெடுதல்? நம் நாட்டுக் குடிதண்ணீர்த் தரத்தில் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் டாங்கி ஒன்றில் ஓர் அரிசி மணியின் எடையில் ஏறக்குறையப் பாதி. அதற்குமேல் போனால் தரம் தவறியது. உலகச் சுகாதார நிறுவனமோ, ஈயத்தில் 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்கிறது. வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கைக் குழந்தை உடம்பு எடுத்துக்கொள்கிறது. சோகை பிடித்த பிள்ளை, சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பிள்ளை என்றால் அதற்கும் கூடுதல். மூளை வளர்கிற வயதில் அது புத்தியைத் தொடுகிறது. படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. எலும்பில் போய் ஆண்டுக்கணக்கில் தங்கி, பிள்ளைத்தாய்ச்சி ஆகும்போது இரத்தத்துக்குத் திரும்பி வந்து கருவையும் எட்டும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், மூத்திரக்காய்க் கோளாறு. தோட்டத்துப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது என்று நம்மைச் சொன்னவர்கள் எத்தனை பேர்! குழாயைச் சோதித்துவிட்டு அதைச் சொன்னவர் ஒருவருமில்லை.

உங்கள் வீட்டுக் குழாய் எது என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு காந்தத் துண்டும் பழைய காசும் போதும். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், சாம்பல் நிறமாக, காசால் லேசாகக் கீறினால் வெள்ளி போல மின்னி, கையால் வளைக்கலாம் போல மெதுவாக இருந்தால் அது ஈயக் குழாய். கீறிய பிறகு கையைக் கழுவிவிடுங்கள். பழுப்புச் சிவப்பு என்றால் செம்பு, அதன் மூட்டில் என்ன பற்றாசு என்று கேட்க வேண்டும். ஆனால் தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல முடியும். மாதிரி எடுப்பதற்கும் முறை உண்டு: ராத்திரி முழுக்கத் திறக்காத குழாயில் விடியற்காலை முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். பத்து மணிக்கு ஆள் வந்து, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு போனால் அது சோதனையில்லை, சடங்கு.

மாற்றினால் முழுக்க மாற்ற வேண்டும். பாதிக் குழாயை மாற்றி மீதியை விட்டால், வெட்டுகிற அதிர்ச்சியில் பழைய குழாயின் உட்படிவு உதிர்ந்து, சில காலம் ஈயம் முன்னைவிட அதிகமாகவும் வரலாம். ஈயத்தோடு செம்பை நேராக இணைத்தால் அரிப்பு இன்னும் மோசம். 2011-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பகத்தின் அறிவியல் குழு, பாதி மாற்றத்தை நம்பமுடியாது என்று சொல்லிவிட்டது. வாசலோடு நிறுத்தியவர்களுக்கு இதைத்தான் நாம் எடுத்துக் காட்டினோம்.

அந்த நாட்டில் ஃபிளிண்ட் என்று ஓர் ஊர், கார்த் தொழிலாளர் ஊர். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஊர்த் தண்ணீரை ஆற்றுக்கு மாற்றினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாயிலிருந்து ஈயம் இறங்கியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஒரு எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் எங்கள் இரும்பை அரிக்கிறது என்று வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. ஊர் மக்கள் இன்னொரு வருஷம் அதையே குடித்தார்கள். இரும்புக்கு இருந்த மரியாதை பிள்ளைகளுக்கு இல்லை. மக்கள் வழக்குப் போட்டு, 2017-இல் உடன்பாடு வந்தது. ஈயக் குழாயை மட்டுமல்ல, நாகம் பூசிய குழாயையும் குடியிருப்பவர் காசு வாங்காமல் மாற்ற வேண்டும் என்று. 2025 ஜூலையில் வேலை முடிந்தது, கிட்டத்தட்ட 11,000 ஈயக் குழாய்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் நூவார்க் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனம். வீட்டுக்காரன் எங்கோ இருப்பான், கையெழுத்துப் போடமாட்டான். 2019-இல் நகரமன்றம் ஒரு விதி போட்டது. வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் இல்லாவிட்டாலும் குடியிருப்பவர் கதவைத் திறந்தால் போதும், குழாயை மாற்றலாம். மூன்று ஆண்டுக்குள் ஏறக்குறைய 23,000 குழாய்களை இலவசமாக மாற்றி முடித்தார்கள். லயத்து வீடும் நம் பெயரில் இல்லை, அந்தக் காரணத்துக்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

நம் நாட்டில் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், இருக்கிறது. 2019-இல் திருத்தி, பெயரையும் மாற்றினார்கள். தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி குழாய்த் தண்ணீரை இலவசமாக, போதுமான அளவு தர வேண்டும், வீட்டைப் பழுது பார்த்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கடமை வாசல்படியோடு முடிகிறது என்று இதுவரை யாரும் நமக்குக் காட்டியதில்லை. ஆகவே நீங்களே காசு போட்டு, கடையில் கண்ட குழாயை வாங்கி மாட்டாதீர்கள். ஆபீசுக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா. மாற்றும் குழாயும் திருகும் தேசிய நீர்ச் சேவை ஆணையம், அதாவது ஸ்பான், அங்கீகரித்தவையா என்று கேளுங்கள். பக்கத்து லயத்தில் இருக்கிற இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் மனுவில் சேருங்கள். அவர்களுக்கும் அதே குழாய்தான்.

இன்னொன்று, இதை மறந்தால் உயிர் போகும். சில பழைய வீடுகளில் மின்சார எர்த் கம்பியை இரும்புக் குழாயில் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் போட்டால் அந்த எர்த் அறுந்துபோகும். குழாய்க்காரரோடு மின்சாரக்காரரும் வந்து பார்க்கட்டும். வேலை முடிந்ததும் திருகின் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவி, நெடுநேரம் தண்ணீரை ஓடவிட வேண்டும்.

மாற்றுகிற வரைக்கும்? காலையில் முதல் தண்ணீரை ஐந்து நிமிஷமாவது ஓடவிட்டு, வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவவும் செடிக்கும் வையுங்கள். இதைவிட எளிது, முதல் நாள் சாயங்காலம் சமையலுக்குத் தண்ணீர் ஓடி முடிந்த பிறகு, மூடியுள்ள பாத்திரத்தில் மறுநாள் பாலுக்கும் தேத்தண்ணிக்கும் பிடித்து வைத்துவிடுவது. அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அட, எங்க அம்மா இப்படித்தானே பானையில புடிச்சு வைக்கும்!" என்று சிரித்தார்.

அந்தத் தோட்டத்தில் 42 குடும்பங்கள் கையெழுத்துப் போட்ட மனு ஆபீசுக்குப் போனது. முதல் கடிதத்துக்குப் பதிலில்லை. இரண்டாவதோடு 446-ஆவது சட்டத்தின் நகலையும் வைத்தோம். மானேஜர் வீடு வீடாக வந்து பார்த்தார். ஆயாக் கொட்டகையிலும் கைப்பிள்ளை உள்ள வீடுகளிலும் முதலில் உள்குழாயை மாற்றுவதாகவும், மற்ற வீடுகளுக்கு மேலிடத்தில் கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார். வாய்ச்சொல்தான், இன்னும் எழுத்தில் வரவில்லை. வரும் திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் எழுத்தை வாங்கப் போகிறோம். தண்ணீர் மாதிரி எடுக்க விடியற்காலை நான்கரைக்கே ஆள் வர வேண்டும் என்பதும் அதில் இருக்கும்.