கப்பலின் பெயரும் சொந்தத் துறைமுகமும்

நம் நாட்டவர் பலர் தம் பெயருக்கு முன்னே சொந்த ஊரின் முதலெழுத்தை இட்டுக்கொள்வது நெடுநாளைய வழக்கம். கப்பல்களுக்கும் இத்தகைய வழக்கம் ஒன்று உண்டு. ஆனால் கப்பல் முதலெழுத்தோடு நின்றுவிடுவதில்லை; தன் ஊரின் பெயரை முழுமையாகவே முதுகில் எழுதிக்கொண்டு உலகைச் சுற்றுகிறது. துறைமுகத்தில் கட்டப்பட்டிருக்கும் எந்தக் கப்பலின் பின்புறத்தை நோக்கினாலும், மேலே அதன் பெயரும் கீழே ஓர் ஊரின் பெயரும் காணப்படும். இவ்விரண்டும் அழகுக்காக எழுதப்பட்டவை அல்ல. சட்டத்தின் கட்டளைப்படி எழுதப்பட்டவை. உரிமையாளர் தம் விருப்பம்போல் இவற்றை அழித்து வேறு எழுதிவிட முடியாது. அதன் காரணத்தையும், மாற்ற வேண்டியபோது கையாளப்படும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பதிவுத் துறைமுகம் என்பது யாது?

கப்பலின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கும் ஊர், அக்கப்பல் கட்டப்பட்ட ஊர் அன்று. அது வழக்கமாகத் தங்கும் ஊராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எந்த ஊரின் பதிவேட்டில் அக்கப்பலின் பெயர் ஏறியுள்ளதோ அதுவே அதன் பதிவுத் துறைமுகம். சுவிட்சர்லாந்துக்குக் கடற்கரையே கிடையாது. எனினும் அந்நாட்டுக் கொடியுடன் கடலில் செல்லும் கப்பல்களின் பின்புறத்தில் ரைன் நதிக்கரை நகரமாகிய பாசலின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பாசல் நகரைக் கண்ணாலும் காணாத கப்பலுக்கு அதுவே சொந்த ஊர்!

பதிவேட்டில் கப்பலின் பெயர் மட்டுமா இருக்கிறது? அதன் நீளம், அகலம், ஆழம், டன் அளவு, எந்திரத்தின் விவரம், உரிமையாளர்களின் பெயர்கள் ஆகிய யாவும் அதில் அடங்கும். கப்பலை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அந்த ஈட்டுப் பத்திரமும் அங்கேயே பதிவாகும். நிலத்திற்கு வில்லங்கச் சான்றிதழ் எவ்வளவு முக்கியமோ, கப்பலுக்கு இப்பதிவேடு அவ்வளவு முக்கியம். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். கப்பலோ இன்று மும்பையிலும் அடுத்த மாதம் மொம்பாசாவிலும் நிற்கும். ஆகையால் பெயரையும் ஊரையும் கொண்டுதான் அதன் வரலாற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் வகுத்த முறை

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் இம்முறையை வகுத்தது. அதற்கு மாற்றாகப் பாராளுமன்றம் 2025இல் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. பதிவு என்னும் அடிப்படை அதிலும் நிலைபெற்றுள்ளது.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கப்பலின் அணியத்தில் இரு பக்கங்களிலும் பெயர் இருக்க வேண்டும். அமரத்தில், அதாவது பின்பகுதியில், பெயரும் பதிவுத் துறைமுகமும் சேர்ந்து இருக்க வேண்டும். கரிய பின்னணியானால் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து. வெளிறிய பின்னணியானால் கறுப்பு எழுத்து. இருளிலும் மழையிலும் தொலைவிலிருந்து பிறர் படிக்கக்கூடியதாக இருத்தலே இதன் நோக்கம்.

பெயரை மாற்ற விரும்பும் உரிமையாளர் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி கோர வேண்டும். வேறொரு கப்பல் அதே பெயரைத் தாங்கியிருந்தாலும், மக்கள் ஏமாறும் அளவுக்கு ஒத்த பெயரைத் தாங்கியிருந்தாலும் அனுமதி மறுக்கப்படலாம். அனுமதி கிடைத்தபின் பதிவேடு, பதிவுச் சான்றிதழ், கப்பலின் உடல் ஆகிய மூன்றிலும் பெயர் திருத்தப்படும். பதிவான பெயரைத் தவிர வேறு பெயரால் கப்பலைக் குறிப்பிடுவதே குற்றம் ஆகும்.

பதிவுத் துறைமுகத்தை மாற்றுவதற்கு உரிமையாளர் கையொப்பம் மட்டும் போதாது. ஈட்டின் பேரில் கடன் கொடுத்தவரும் அவ்விண்ணப்பத்தில் சேர வேண்டும். பழைய துறைமுகத்தின் பதிவாளர் தம் பதிவேட்டில் உள்ள எல்லா விவரங்களையும் நகலெடுத்துப் புதிய துறைமுகத்தின் பதிவாளருக்கு அனுப்புகிறார். பழைய சான்றிதழ் திரும்பப் பெறப்பட்டுப் புதிய சான்றிதழ் அளிக்கப்படுகிறது. ஊர் மாறினாலும் கடன் மாறுவதில்லை. எவருடைய உரிமையும் இதனால் குறைவதில்லை. பெண் புகுந்த வீட்டிற்குச் சென்றாலும் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

பெயர் மாறிய இரு கப்பல்கள்

கப்பலின் பெயரை மாற்றுவது அபசகுனம் என்னும் நம்பிக்கை மாலுமிகளிடையே பல நாடுகளில் இருந்து வந்துள்ளது. ஆயினும் வரலாற்றில் பெயர் மாறிப் புகழ்பெற்ற கப்பல்கள் உண்டு. 1869இல் ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் நகரில் நீரில் இறக்கப்பட்ட 'கட்டி சார்க்' என்னும் பாய்க்கப்பல் தேயிலை வாணிகத்திற்காகக் கட்டப்பட்டது. 1895இல் அது போர்த்துக்கீசியருக்கு விற்கப்பட்டு 'ஃபெரெய்ரா' ஆயிற்று. 1922இல் 'மரியா தோ அம்பாரோ' என்று மீண்டும் பெயர் மாறியது. அதே ஆண்டில் டௌமன் என்னும் ஆங்கிலேய மாலுமி அதனை விலைக்கு வாங்கி முதற்பெயரையே சூட்டினார். இன்று அக்கப்பல் லண்டனைச் சார்ந்த கிரீனிச்சில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

மற்றொன்று நம் நாட்டு வரலாற்றைச் சேர்ந்தது. 1891இல் பசிபிக் கடற்பயணத்தைத் தொடங்கிய 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' என்னும் கனடியக் கப்பலை, முதலாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் குவாலியர் மகாராஜா வாங்கி, போர்வீரருக்கான மருத்துவமனைக் கப்பலாக்கி, 'லாயல்டி' என்று பெயரிட்டார். 'விசுவாசம்' என்பது அதன் பொருள். போர் முடிந்தபின் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியார் அதனை வாங்கினர். 1919 ஏப்ரல் 5ஆம் நாள் அது பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. ஆங்கிலேயக் கம்பெனிகளின் ஏகபோகத்தை எதிர்த்துச் சென்ற கப்பலின் முகப்பில் 'விசுவாசம்' என்றே எழுதியிருந்தது! அந்நாளே நம் தேசியக் கடல்சார் தினமாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது.

மாறாத எண்

பெயர் மாறும், ஊர் மாறும், கொடியும் மாறும் என்றால் கப்பலை அடையாளம் காண்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1987இல் ஏழு இலக்க எண் முறையைக் கொண்டுவந்தது. 1996 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயமாயிற்று. இவ்வெண் கப்பல் உடைக்கப்படும் வரை மாறுவதில்லை. உடைக்கப்பட்ட பின்னும் வேறொரு கப்பலுக்கு வழங்கப்படுவதில்லை.

இவ்வெண்ணில் சிறு கணித நுட்பம் ஒன்று உண்டு. 9074729 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கினால் 63, 0, 35, 16, 21, 4 கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகை 139. அதன் கடைசி இலக்கமாகிய 9, எண்ணின் ஏழாவது இலக்கத்தோடு ஒத்திருப்பதைக் காணலாம். எழுதுபவர் கைதவறி 9047729 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 136 ஆகும். 6உம் 9உம் ஒவ்வாமையால் பிழை உடனே வெளிப்படும்.

2004 ஜூலை முதல் இவ்வெண்ணைக் கப்பலின் உடலிலேயே நிலையாகப் பொறிக்க வேண்டும் என்றும், கப்பலின் பெயர், கொடி, பதிவுத் துறைமுகம், உரிமையாளர் ஆகியவற்றில் நேர்ந்த மாற்றங்கள் அனைத்தையும் வரிசையாகக் கூறும் ஏடு ஒன்று கப்பலிலேயே இருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இதனைக் கப்பலின் ஜாதகம் எனலாம். ஆனால் இது நடந்ததை மட்டுமே கூறும்.

சிறு படகும் பெரிய பொறுப்பும்

இவையெல்லாம் பெருங்கப்பல்களுக்கு உரியவை, மீன்பிடி படகுக்கு இவ்வளவு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். உண்மையில் சிறு படகுக்கே இது உயிர்ப் பிரச்சினை. நம் மீன்பிடி படகுகளின் பதிவு எண்ணில் நாட்டின் குறியீடும், மாநிலத்தின் குறியீடும், பதிவிடத்தின் எண்ணும், படகின் வகையும், வரிசை எண்ணும் அடங்கியுள்ளன. எண்ணைப் படித்தவுடனே படகின் ஊர் தெரிந்துவிடும். படகு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு விற்கப்பட்டும் பதிவு மாற்றப்படாமல் இருந்தால், எண் ஓர் ஊரைக் கூறும்; படகில் உள்ளவர்களின் குடும்பங்கள் வேறோர் ஊரில் காத்திருக்கும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நினைத்துப் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் கொச்சித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு தொழில் செய்பவர்கள். புயலில் சிக்கிய படகுகள் லட்சத்தீவிலும், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களின் கரைகளிலும் ஒதுங்கின. எந்த ஊர்ப் படகில் எந்த ஊரார் சென்றனர், அவர்களில் திரும்பாதவர் எத்தனை பேர் என்னும் கணக்கு பல நாட்கள் வரை நிலைகொள்ளவில்லை. கரையில் நின்ற தாய்மாருக்கு அந்நாட்களின் துயரம் சொல்லில் அடங்காது.

ஆபத்தில் உதவும் விஞ்ஞானக் கருவியும் பதிவேட்டையே நம்பியுள்ளது. படகில் உள்ள அவசர அறிவிப்புக் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செய்தி அனுப்புகிறது. செயற்கைக்கோள் அதைப் பெற்றுத் தரைநிலையத்திற்கு அளிக்க, அது பெங்களூரில் உள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தை அடைகிறது. கருவி தரும் குறியீடு எந்தப் படகினுடையது, யாருடன் தொடர்பு கொள்வது என்பவற்றைப் பதிவு விவரங்களிலிருந்தே மையத்தினர் அறிகின்றனர். அங்கிருந்து செய்தி கடலோரக் காவற்படையின் மீட்பு மையத்திற்குச் செல்கிறது. படகை வாங்கியவர் இவ்விவரங்களைத் திருத்தாமல் விட்டிருந்தால், நள்ளிரவில் தொலைபேசி மணி முன்னாள் உரிமையாளர் வீட்டில் ஒலிக்கும். அவர் படகை விற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இன்று அதில் யார் சென்றனர் என்பது அவருக்குத் தெரியாது. செயற்கைக்கோள் மிச்சப்படுத்திய நிமிடங்கள் இவ்வாறு வீணாகிவிடும்.

ஆகவே, படகு வாங்குவோர் முதலில் பதிவேட்டையும், அதிலுள்ள கடன் விவரங்களையும் பார்த்தல் வேண்டும். விற்பனை முடிந்ததும் உரிமை மாற்றத்தையும், தேவையாயின் பெயர், ஊர் மாற்றங்களையும் பதிவாளரிடம் முறைப்படி செய்துகொள்ள வேண்டும். அவசரக் கருவியின் பதிவில் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்ப்பதை மறக்கலாகாது. இவை யாவும் முடிந்த பிறகே வண்ணக் குவளையையும் தூரிகையையும் கையில் எடுத்தல் தகும்.