பாடமாகும் ஊர்த்தேவை

நெய்வேலியை அடுத்த வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு, இன்றும் பசித்தோர்க்கு உணவாக்கி வருகிறது. அத்தகைய பேரடுப்பின் முன் நிற்போர் தாங்கும் வெப்பத்தை எவ்வாறு குறைப்பது? பொறியியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதனினும் சிறந்த வடிவமைப்புப் பாடம் உண்டோ?

ஊராரின் உண்மைத் தேவையையே பாடமாக்கும் திட்டத்தை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கியது. மாணவர் குழுக்கள் தொண்டு நிறுவனங்களின் குறைகளைக் கேட்டறிந்து, அவற்றுக்கேற்ற கருவிகளை உருவாக்குகின்றன. ஒரு குழு விடைபெற்றாலும் பணி அடுத்த குழுவின் கையில் தொடர்கிறது. நம் நாட்டிலும் 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான், கல்லூரிகளைச் சிற்றூர்களுடன் இணைக்கிறது.

தேர்வு முடிந்ததும் கைவிடப்படும் கருவியால் ஏழைக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆதலின் பெற்றோரே, மதிப்பெண்ணை மட்டும் வினவாது, "நீ செய்தது யாருக்குப் பயன்படுகிறது? பழுதுற்றால் யார் சீர்செய்வார்?" என்றும் நம் பிள்ளைகளைக் கேட்போமாக.